டர்ன் என்றால் ‘திரும்பு’ மட்டும்தானா? எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சமாதானபுரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மாலையில் வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் தமிழ்வழியில் படிப்பவர்கள். போன வாரம் ஒரு சிறிய பத்தியை மொழிபெயர்க்கச் சொன்னேன். பையன் சாவியை டர்ன் செய்கிறான், அம்மா பக்கம் டர்ன் ஆகிறான், பால் டர்ன் ஆகிவிடுகிறது, ரேஷன் வரிசையில் அவனுடைய டர்ன் வருகிறது. அகராதியில் முதலில் போட்டிருந்த ‘திரும்பு’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டார்கள். ஒரு பெண் ‘பால் திரும்பிவிட்டது’ என்று எழுதி, ஓரத்தில் ‘எங்கிருந்து?’ என்றும் எழுதியிருந்தாள். கேள்வி நியாயமானதுதான்.

பெரிய அகராதியைப் பிரித்தால் இந்த ஒரு சொல்லுக்குப் பத்தி பத்தியாகப் பொருள் ஓடுகிறது. அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட எனக்கு மனமில்லை. எனவே தயவுசெய்து பட்டியல் தர வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைக்கு, அது கண்ணால் பார்க்கிற பொருள்களைக் கொண்டே இந்தச் சொல் பிடிபட வேண்டும். யாருக்காவது வழி தெரியுமா?

குறுக்குத்துறை:

மனப்பாடம்தான் வழி. எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம்.

பேட்டை டர்னர்:

குறுக்குத்துறை அண்ணாச்சி மனப்பாடம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். எனக்கு இந்தச் சொல்லோடு தொழில்முறை உறவு உண்டு, எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவு முடித்தவன். இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசுக் காகிதத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பெயர் ‘கடைசலர்’. லேத்தில் டர்னிங் என்றால் என்ன? இரும்புத் தண்டைப் பிடியில் மாட்டிச் சுழலவிடுவோம். வெட்டும் கருவி சுழலாது. அது தண்டின் நீளவாக்கில் நகர்ந்து, மேலே இருப்பதைச் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டே போகும். தண்டின் விட்டம் குறையும்.

இதில் டர்ன் ஆவது யார்? தண்டு. டர்ன் செய்வது யார்? தொழிலாளி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரு எழுத்துகூட மாறாது. தமிழில் இந்த வசதி கிடையாது. தண்டு சுழல்கிறது, ஆள் சுழற்றுகிறார். திரும்பு, திருப்பு, உருள், உருட்டு, புரள், புரட்டு, மாறு, மாற்று. தானாக நடப்பதா, ஒருவர் நடத்துவதா என்பதைத் தமிழ் வினை வாயைத் திறந்ததுமே சொல்லிவிடும். பிள்ளைகளிடம் முதலில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: தானாகவா, ஒருவர் செய்தா?

அடுத்த கேள்வி: எதைச் சுற்றி? நின்ற இடத்தில் தன் அச்சிலேயே என்றால் சுழலும். வேறொன்றை வட்டமிட்டால் சுற்றும். போகிற திசை மாறினால் திரும்பும். சுழன்றுகொண்டே இடமும் பெயர்ந்தால் உருளும். மேல்பக்கம் கீழே போனால் புரளும். அழுத்திப் பிடித்து முறுக்கினால் திருகுவது. அசைவே இல்லாமல் தன்மை மட்டும் மாறினால் மாறும், ஆகும், பாலாக இருந்தால் திரியும். இத்தனைக்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை நீட்டுகிறது, மீதியை வாக்கியத்தில் இருந்து நீங்களே கண்டுகொள்ளுங்கள் என்கிறது.

பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல் குறைவில்லை டீச்சர். கையில் ஏழெட்டுச் சொல் வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது என்று தெரியாமல் அகராதியின் முதல் வரியை எடுத்துவிட்டார்கள்.

குறுக்குத்துறை:

தம்பி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அச்சும் விட்டமும் எதற்கு? தோசையைத் திருப்பிப் போடு என்றால் ‘டர்ன் த தோசா’. அடுப்படியில் தொடங்கினால் போதும்.

பேட்டை டர்னர்:

தோசை நல்ல எடுத்துக்காட்டு அண்ணாச்சி. தோசை சுழலவும் இல்லை, திசை மாறவும் இல்லை, புரண்டது. நான் சொன்னதைத்தான் கரண்டியால் சொல்கிறீர்கள்.

வள்ளியூர் காற்றாடி:

எங்கள் வேலையிடத்தில் இந்தக் குழப்பம் சம்பளத்தோடு வருகிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். காற்றாலையில் இரண்டு விதமான டர்ன் உண்டு. இறக்கைகள் சுழல்கின்றன. காற்றின் திசை மாறினால், கோபுரத்தின் உச்சியில் இருக்கும் தலைப்பகுதி முழுவதும் காற்றை எதிர்நோக்கித் திரும்புகிறது. அதற்கென்று தனி மோட்டார்களும் பல் சக்கரமும் இருக்கின்றன. பொறியியல் கையேடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, ஆனால் போனில் பேசும்போது யாரும் கையேட்டு மொழியில் பேசுவதில்லை.

வெளியூர்ப் பொறியாளர் ஒருவர் போனில் ‘அது டர்ன் ஆகவில்லை’ என்றார். இறக்கை நின்றுவிட்டதா, தலை திரும்பவில்லையா? இரண்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டிய கருவிகள் வேறு. நான் தமிழில் திருப்பிக் கேட்டேன்: ‘சுழலவில்லையா, திரும்பவில்லையா?’ பக்கத்தில் இருந்த காவலாளி ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம். டர்பைன் என்பதும் டர்னில் இருந்து பிறந்ததுதானே?

செப்புச் சாமான்:

அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். பேட்டைக்காரர் இரும்பு கடைகிறார், எங்கள் வீட்டில் மரம் கடைவார்கள். குழந்தைகள் விளையாடும் செப்பு: அடுப்பு, பானை, அம்மி, குடம். மரத்துண்டு கடைசல் இயந்திரத்தில் சுழலும், உளியைக் காட்டினால் வடிவம் வரும். வடிவம் வந்த பிறகு இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். முன்பு கயிற்றை இழுத்துச் சுழற்றினார்கள், இப்போது மோட்டார்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆங்கிலத்தில் நன்றாகச் செதுக்கிய வாக்கியத்தை ‘வெல் டர்ன்ட்’ என்று பாராட்டுகிறார்கள். கடைசலில் இருந்து இறங்கிய பொருளைப் போல் வழவழப்பாக இருக்கிறது என்று பொருள். தமிழிலும் ‘கடைந்தெடுத்த’ என்று சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் அடுத்த சொல் ‘அயோக்கியன்’. கடைசல்காரர்களுக்கு இது ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இடையன்குடி:

செப்புச் சாமான் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, இந்தச் சொல்லின் பிறப்பிடத்தையே தொட்டுவிட்டார். டர்ன் பிறந்தது கடைசல் பட்டறையில்தான். கிரேக்கத்தில் ‘டோர்னோஸ்’ என்றால் கடைசல் கருவி, வட்டம் வரையும் கருவிக்கும் அதே பெயர். லத்தீனில் அது ‘டோர்னுஸ்’ ஆயிற்று, ‘டோர்னாரே’ என்றால் கடைசலில் இட்டு உருட்டிச் செய்வது. அங்கிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்தது, பின்னர் பிரெஞ்சு வழியாகவும் வந்து வலுப்பட்டது. வரிசையில் வருகிற டர்ன், கெட்டுப்போன பாலின் டர்ன், சாவியின் டர்ன் எல்லாம் பிற்காலத்தில் பெருகியவை. எனவே அரசுக் காகிதத்தில் ‘கடைசலர்’ என்று எழுதிய அந்தப் பெயர் தெரியாத எழுத்தர் சொல்லின் மூலப் பொருளிலேயே கை வைத்திருக்கிறார்.

இந்தக் குடும்பம் பெரியது. டூர், டூரிஸ்ட், ரிட்டர்ன், டோர்னமென்ட் எல்லாம் அதே வழியில் வந்தவை. அமெரிக்க வழக்கறிஞரைக் குறிக்கும் அட்டர்னியும் அப்படித்தான்: ஒரு வேலையை இன்னொருவர் பக்கம் திருப்பி ஒப்படைத்தால் அவர் அட்டர்னி.

டர்பைன் இந்தக் குடும்பம் இல்லை காற்றாடித் தம்பி. அது லத்தீன் ‘டுர்போ’வில் இருந்து வந்தது. பம்பரம், சுழற்காற்று என்று பொருள்.

தமிழே வேர்:

கிரேக்கம் வரை போனவர்கள் இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாம். திரும்பு, திருப்பு, திருகு, திரி. இவற்றைச் சொல்லிப் பாருங்கள், பிறகு டர்ன் என்று சொல்லிப் பாருங்கள். தகரம் டகரமாகும், ரகரம் அப்படியே நிற்கும். கொற்கையில் இருந்து முத்து ஏற்றிப் போன கப்பலில் சொல்லும் ஏறிப் போயிருக்கும். நம்முடையது என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

இடையன்குடி:

கொற்கையில் இருந்து முத்து போனது உண்மை. கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் முத்து போன கப்பலில் எல்லாச் சொல்லையும் ஏற்றிவிட முடியாது. இரண்டு சொற்களில் இரண்டு மெய்கள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. ஒலி மாற்றம் ஒரு விதியாக, சொல்லுக்குச் சொல் வர வேண்டும். கால்டுவெல் எங்கள் ஊரில் உட்கார்ந்து உழைத்து 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடமே இதுதான். ‘டோர்னோஸ்’ கிரேக்கத்தில் தனிமரமாக நிற்கவில்லை, தேய்த்தல், துளைத்தல் என்ற பொருளுள்ள சொந்தக்காரச் சொற்களோடு நிற்கிறது.

நம் ‘திரி’யின் சொந்தக்காரர்களைப் பாருங்கள், அவர்களும் குறைந்தவர்கள் இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி திரி, திரும்பு, திருகு, திரிகை ஆகியவற்றை ஒரே வேரின்கீழ் வைக்கிறது. திரிகையைத்தான் நம் பக்கம் திருவை என்கிறோம், உளுந்து உடைக்கிற கல். முறுக்கிய பஞ்சு விளக்குத் திரி. ஊர் சுற்றுகிறவன் திரிகிறான். இலக்கணத்தில் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக மாறினால் நன்னூல் அதைத் ‘திரிதல்’ என்கிறது. தொல்காப்பியத்தில் திரிசொல் என்று ஒரு வகையே உண்டு. கடைசியாக, டீச்சரின் மாணவி கேட்ட பால். ‘பால் திரிந்துவிட்டது’ என்று நம் வீட்டில் தினமும் சொல்கிறோமே, ஆங்கிலேயர் சொல்லும் ‘மில்க் ஹாஸ் டர்ன்ட்’ அதே பொருள், அதே வழி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், சுழற்சியில் இருந்து மாற்றத்துக்கும் மாற்றத்தில் இருந்து கெடுதலுக்கும் தனித்தனியே நடந்து வந்து ஒரே பால் செம்பின் முன் நிற்கின்றன. கப்பல் கதையைவிட எனக்கு இது பெரிய வியப்பாக இருக்கிறது.

சமாதானபுரம் டீச்சர்:

‘பால் திரிந்தது’ என்று எழுதலாம் என்று நாளைக்கே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பேசுகிற சொல்தான், தேர்வுத்தாளில் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

தமிழே வேர்:

தேய்த்தல் என்ற சொல்லும் தகரத்தில்தான் தொடங்குகிறது என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விலகுகிறேன்.

மட்டுறுத்துநர்:

வேர் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே டீச்சரின் கேள்வியோடு நிற்போம்.

மெய்ஞ்ஞானபுரம் அக்கா:

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது வேர் விவாதம் இல்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் ஆலயத்தில் சிறு வயதிலிருந்தே கேட்கும் சொல் ‘மனந்திரும்புதல்’. எபிரேய மொழியில் இதற்கான சொல் ‘ஷூவ்’, திரும்பி வருவது என்று பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லோ மன மாற்றத்தைக் குறிப்பது. தமிழ் வேதாகமம் மனத்தையும் திரும்புதலையும் ஒரே சொல்லில் சேர்த்துக்கொண்டது. எனவே ‘ஹி டர்ன்ட் டு காட்’ என்ற வாக்கியத்தை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆனால் ‘ஹி டர்ன்ட் டு ஹிஸ் அங்கிள்’ என்று வந்தால் கவனம் தேவை. மாமாவின் பக்கம் முகத்தைத் திருப்பினான் என்றும் இருக்கலாம், கஷ்டத்தில் மாமாவை நாடினான் என்றும் இருக்கலாம். பின்னால் ‘ஃபார் ஹெல்ப்’ என்று வந்தால் நாடினான் என்று எழுத வேண்டும். ‘டர்ன் அகெய்ன்ஸ்ட்’ என்றால் அதே மாமாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டான். சொத்துத் தகராறு உள்ள வீடுகளில் மூன்றும் ஒரே வருடத்தில் நடப்பதுண்டு.

கன்னடியன் கால்:

யாருமே ‘முறை’க்கு வரவில்லையே. விவசாயிக்கு டர்ன் என்றால் அது ஒன்றுதான்.

தாமிரபரணியில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பாபநாசம் அணை 143 அடியைத் தொட்டு நின்றால் யாரும் முறை பேச மாட்டார்கள். நீர்மட்டம் இறங்கிவிட்டால் ஒவ்வொரு கால்வாய்க்கும், கால்வாய்க்குள் ஒவ்வொரு மடைக்கும் முறை வைத்து விடுவார்கள். இதை முறைப்பாசனம் என்போம், பொறியாளர்கள் வாயில் ‘டர்ன் சிஸ்டம்’. தலைமடையில் இருப்பவனுக்குக் கண்ணெதிரே தண்ணீர் ஓடும், ஆனால் முறை அவனுடையதாக இருக்காது. கடைமடைக்காரனுக்கு முறை வந்திருக்கும், தண்ணீர் வந்திருக்காது. ராத்திரி மண்வெட்டியோடு போய் மடையைத் திருப்பிவிட்டால் காலையில் பஞ்சாயத்துதான்.

பிள்ளைகளிடம் இந்த வாக்கியத்தைக் கொடுங்கள்: ‘தன் டர்ன் வராதபோது தண்ணீரைத் தன் வயலுக்கு டர்ன் செய்தான்.’ முதல் டர்ன் முறை, இரண்டாவது திருப்புதல். எங்கள் கால்வாயில் வருடாவருடம் நடக்கும் வழக்கு அத்தனையும் இந்த இரண்டு டர்னுக்கு நடுவில்தான் இருக்கிறது.

செங்கோட்டை:

முறைக்கு மலையாளத்தில் ‘ஊழம்’ என்பார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. ‘என்றெ ஊழம்’ என்றால் என் டர்ன். தமிழில் ‘ஊழ்’ என்றதும் வள்ளுவரின் அதிகாரமும் தலைவிதியும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆனால் பழந்தமிழில் ஊழ் என்றால் முறை என்ற பொருளும் உண்டு. யோசித்தால் இரண்டும் தூரம் இல்லை. முறை வந்தால் யாரும் தப்ப முடியாது.

ரேஷன் வரிசையில் இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சமாதானபுரம் டீச்சர்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பேட்டை அண்ணாச்சியின் இரண்டு கேள்விகளை நேற்றே வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சாவி, தோசை, காற்றாலை எல்லாவற்றிலும் பிள்ளைகள் சரியான வினையைப் பிடித்தார்கள். ஆனால் ஆன், ஆஃப், அப், டவுன், இன், அவுட் ஒட்டிக்கொண்டால் இரண்டு கேள்விகளும் வேலை செய்யவில்லை. ‘டர்ன் ஆன் த லைட்’ என்பதில் எது சுழல்கிறது என்று ஒரு பையன் விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

ரீவைண்டிங் கடை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், மோட்டாருக்குச் சுற்றுக் கட்டுகிறவன். எங்களுக்கு டர்ன் என்றால் செம்புக் கம்பியின் ஒரு சுற்று. பம்புசெட் மோட்டாரில் சுற்றின் எண்ணிக்கை மாறினால் மோட்டார் சூடேறிப் புகைந்துவிடும், எனவே எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டேன்.

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. ஆன், ஆஃப் எல்லாம் குழாயில் இருந்து வந்தவை. தண்ணீர்க் குழாய், அதற்குப் பிறகு எரிவாயு விளக்கின் குமிழ். திருகினால் வரும், திருகினால் நிற்கும். மின்விளக்கு வந்த புதிதில் சுவிட்சுகளிலும் பல திருகும் வகையாகவே இருந்தன. பிறகு தட்டும் சுவிட்சு வந்தது, இப்போது விரலால் தொட்டாலே போதும், சொல் மட்டும் இன்னும் திருகிக்கொண்டிருக்கிறது. டர்ன் அப், டர்ன் டவுன் என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே குமிழ்தான். மின்விசிறியின் பழைய ரெகுலேட்டரைப் பையனிடம் காட்டுங்கள், அது இன்னும் உண்மையாகவே சுழல்கிறது.

குறுக்குத்துறை:

மற்றதெல்லாம் குழாய் இல்லை தம்பி, அங்கே என் மனப்பாடத்துக்குத்தான் வர வேண்டும். பெண் கேட்டு வந்தவரை ‘டர்ன் டவுன்’ செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பொருள். அழைக்காத விருந்தாளி ‘டர்ன் அப்’ ஆனால் வந்து நிற்கிறார். அவர் தூரத்துச் சொந்தம் என்று பிறகு தெரியவந்தால் ‘டர்ன்ட் அவுட்’. தேர்தலில் ‘டர்ன்அவுட்’ என்றால் வாக்குப்பதிவு. விடைத்தாளை ‘டர்ன் இன்’ செய் என்று அமெரிக்கர் சொல்வார், ஆங்கிலேயர் ‘ஹேண்ட் இன்’ என்பார். படுக்கப் போவதற்கும் டர்ன் இன் என்பதுண்டு, எனவே தேர்வு அறையில் கொஞ்சம் கவனம்.

இன்னொன்று, வயது. ‘ஹி டர்ன்ட் சிக்ஸ்டி’ என்றால் அறுபது நிறைந்துவிட்டது. நம் ஊரில் ‘அறுபது நடக்கிறது’ என்றால் ஐம்பத்தொன்பது முடிந்து அறுபதாவது ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம். ஓய்வூதிய விண்ணப்பத்தில் இதைக் குழப்பிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வாகையடி முக்கு:

திருநெல்வேலி டவுனில் இருப்பவர்களுக்கு டர்ன் என்றால் முக்கு. மதுரைக்கு வடக்கே போனால் ‘முனை’ என்பார்கள், நமக்கு வாகையடி முக்கு, லாலா சத்திர முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு. பஸ்ஸில் ‘டர்னிங்கில் இறங்க வேண்டும்’ என்று சொல்பவர் வெளியூர்க்காரர் என்று நடத்துநருக்கே தெரிந்துவிடும்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் முக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்கள் இழுக்கத்தான் முடியும். சக்கரத்தின் அடியில் மரக்கட்டையை எந்தப் பக்கம், எந்தச் சாய்வில், எந்த நொடியில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் தேர் திரும்புகிறது. அந்தக் கட்டைதான் முட்டுக்கட்டை. மேடையில் பேசுகிறவர்கள் முட்டுக்கட்டை என்றாலே தடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேரை நிறுத்துவதும் அதுதான், திருப்புவதும் அதுதான். அது இல்லாவிட்டால் தேர் நேராகப் போய் யார் கடைக்குள்ளாவது நுழைந்துவிடும்.

இங்கே பேட்டைக்காரரின் கேள்விக்கு என்ன பதில்? தேர் திரும்புகிறதா, திருப்பப்படுகிறதா? ஊரே திருப்புகிறது. ஆனால் யாரும் ‘தேரைத் திருப்பினோம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘தேர் முக்குத் திரும்பிவிட்டது’ என்பார்கள். சாமி தானாகத் திரும்பினார் என்று சொல்வதில் ஒரு பணிவு இருக்கிறது.

பேட்டை டர்னர்:

இது என் விதிக்கு வெளியே நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விதியை மாற்ற மாட்டேன். தேருக்கு விதிவிலக்கு கொடுத்துவிடலாம்.

சங்கர் நகர் சுழல்:

கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு ஆஃப் பிரேக் உள்ளே திரும்பும், லெக் பிரேக் வெளியே திரும்பும். காற்றில் பந்து சுழல்கிறது, தரையில் பட்டதும் திரும்புகிறது. ஆங்கில வர்ணனையில் முதலாவது ஸ்பின், இரண்டாவது டர்ன். அதாவது அவர்களுக்கும் தேவைப்பட்டால் பிரித்துச் சொல்லத் தெரிகிறது.

ஆழ்வார்குறிச்சி கணக்கு:

கடைக்காரர்கள் படும் பாட்டை நான் சொல்கிறேன். ‘டர்ன்ஓவர்’ என்று சொன்னதும் பாதிப் பேர் லாபம் என்று நினைத்து முகம் வெளுக்கிறார்கள். தமிழில் இதற்கு ‘விற்றுமுதல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது: விற்று வந்த முதல். செலவு எதையும் இன்னும் கழிக்கவில்லை. பொருள் விற்பவருக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்ற ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு இந்த விற்றுமுதலைப் பார்த்துத்தான், வீட்டுக்கு எடுத்துப் போகும் பணத்தைப் பார்த்து அல்ல. அல்வாக் கடையில் விற்றுமுதல் பெரிதாக இருக்கும், நெய்க்கும் கோதுமைக்கும் போன பிறகு மிஞ்சுவதைக் கேட்டால் உரிமையாளர் பேச்சை மாற்றுவார்.

வேலைக்கு வந்தவர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அதுவும் டர்ன்ஓவர்தான். அதற்கு வரி கிடையாது.

செய்தி மேசை:

நாளிதழில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். டீச்சர் பிள்ளைகளுக்கு ஓர் இலக்கண நுட்பம். நிறம், வானிலை, கெட்டுப்போதல் போன்றவற்றில் டர்ன் நேராகப் பெயரடையோடு சேரும்: ‘டர்ன்ட் ரெட்’ என்றால் சிவந்தது, ‘டர்ன்ட் கோல்ட்’ என்றால் குளிர்ந்தது. பொருளே வேறாகிவிட்டால் இடையில் ‘இன்டு’ வேண்டும்: தண்ணீர் நீராவியாக ‘டர்ன்ட் இன்டு’. ஆனால் மனிதன் ஒரு வேலையையோ குணத்தையோ மேற்கொண்டால் ‘ஏ’ என்ற சுட்டு வராது: ‘ஹி டர்ன்ட் ட்ரெய்ட்டர்’, துரோகியாக மாறினான். தமிழ்நாட்டில் செய்தி எழுதுபவருக்கு அடிக்கடி தேவைப்படும் ‘ஆக்டர் டர்ன்ட் பாலிட்டிஷியன்’ இந்த வகை. இதை ‘நடிகராக இருந்து அரசியலுக்கு வந்தவர்’ என்று விரித்து எழுதுவதற்குள் தலைப்பில் இடம் போய்விடும்.

கொள்கையை மாற்றினால் யூ டர்ன். பிரிட்டனில் 1980ஆம் ஆண்டு கட்சி மாநாட்டில், பொருளாதாரக் கொள்கையில் பின்வாங்குவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் சொன்ன பதில் பெயர் பெற்றது: வேண்டுமானால் நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள், நான் திரும்புகிற ஆள் இல்லை என்ற பொருளில் பேசினார். ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற எழுத்தும் ‘நீங்கள்’ என்ற சொல்லும் ஒரே ஒலி என்பதில் அவர் விளையாடினார். இதைத் தமிழில் கொண்டுவர நான் முயன்று, விட்டுவிட்டேன்.

சமாதானபுரம் டீச்சர்:

கடைசியாக ஒன்று. ‘இன் டர்ன்’, ‘பை டர்ன்ஸ்’, ‘டேக் டர்ன்ஸ்’. மூன்றையும் பாடநூலில் பார்த்தேன். எல்லாம் முறைதானா?

மெய்ஞ்ஞானபுரம் அக்கா:

பாதி வரை முறைதான் டீச்சர். ‘டேக் டர்ன்ஸ்’ என்றால் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் செய்வது, ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடுவது போல. ‘பை டர்ன்ஸ்’ என்றால் மாறி மாறி: காய்ச்சல்காரனுக்குக் குளிரும் வியர்வையும் மாறி மாறி வரும், அங்கே யாரும் முறை வைக்கவில்லை. ‘இன் டர்ன்’ என்பதற்கு இரண்டு முகம். ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டார் என்பது ஒன்று. ஒன்றினால் இன்னொன்று, அதனால் அடுத்தது என்று தொடர்வது மற்றொன்று. அதற்குத் தமிழில் ‘முறையே’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும், ‘அது’ அல்லது ‘அதன் வழியாக’ என்று எழுத வேண்டும். அணை கால்வாயை நிரப்பும், கால்வாய் இன் டர்ன் குளத்தை நிரப்பும்.

கன்னடியன் கால்:

அக்கா, உங்கள் வாக்கியத்தில் இலக்கணம் சரி. கடைமடைக் குளத்துக்கு அந்த ‘இன் டர்ன்’ வந்து சேருவதற்குள் மார்கழி ஆகிவிடுகிறது. அந்தக் குளத்துக்கு எந்தச் சொல் போடலாம் என்றும் டீச்சர் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லட்டும்.